ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே

வேதியியல்காரிகளுக்கு ஆய்வுக்கூடம்.
எங்களுக்கு விளையாட்டுச் சாமான் அறை.
காற்று இறங்கிய மூன்று வாலிபால்,
கொடியேற்றும் கயிறு,
போன தேர்தலில் வாக்குச்சாவடி எண் எழுதிய அட்டை.
நடுவில் ஒரு பாய்.
பாயில் நானும் சுகிர்தாவும்.
பள்ளியிலேயே இசை எடுத்தது
நாங்கள் இரண்டு பேர்தான்.

பிராக்டிகல் என்றால் ரெக்கார்டு நோட்டு வேண்டும்
என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை.
வலப்பக்கம் கோடு போட்டது, எழுத.
இடப்பக்கம் வெள்ளை, படம் வரைய.
மோகனத்துக்கு என்ன படம் வரைவது?
சுகிர்தா மயில் வரைந்தாள்.
நான் வருகைப் பதிவேடு வரைந்தேன்:
ஸ ரி க ப த, உள்ளேன் மிஸ்.
மத்திமமும் நிஷாதமும் ஆப்சென்ட்.
சிவப்பு மையில் கையெழுத்து விழுந்தது,
யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

தேவையான கருவிகள் என்ற தலைப்பின் கீழ்
தொண்டை என்று எழுதி, அடித்துவிட்டு,
சுருதிப் பெட்டி ஒன்று என்று எழுதினேன்.

வீட்டில் பாட முடியாது.
ஒரே அறை. அப்பாவுக்கு நைட் ஷிப்ட்,
பகலில்தான் தூக்கம்.
கொருக்குப்பேட்டை கேட் மூடும்போது
ஷேர் ஆட்டோக்களின் ஓரம் நின்று பாடுவேன்.
கூட்ஸ் போகிற சத்தத்தில்
யாரோடோ போனில் சண்டை போடுகிறேன்
என்று நினைத்துக்கொள்வார்கள்.
ஆதி தாளத்தில் பெட்டிகளை எண்ணுவேன்.
ஐம்பத்தெட்டு.
ஏழு ஆவர்த்தனம் போக இரண்டு மிச்சம்.
அந்த இரண்டை என்ன செய்வதென்று தெரியாமல்
கேட் திறந்ததும் நடந்துவிடுவேன்.

தேர்வன்று திருவள்ளூரிலிருந்து வந்தவருக்கு
மூக்கடைப்பு.
சுருதிப் பெட்டியை அழுத்தினார்.
இரண்டு முறை முனகிவிட்டு அது நின்றுபோனது.
பேட்டரி வாங்க ஓடினார் ஸ்டெபினா மிஸ்,
வாரம் மூன்று அரைநாள் சம்பளத்தில்,
அதில் தையலும் சேர்த்தி.

‘சுருதி இல்லாம எப்படிம்மா?’
‘இருக்கு சார்’ என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே டிரான்ஸ்பார்மர்.
இரண்டு வருடமாக அதைக் கேட்டுத்தான்
சரளி வரிசையே படித்தோம்.
ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே
நாளெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கும்,
மூச்சு வாங்காது.
அவர் காதை அந்தப் பக்கம் திருப்பினார்.
கைக்குட்டையை மடித்தார்.
‘பாடு.’

பல்லவி முடிந்து
அனுபல்லவியில் மேல் ஸட்ஜத்தைத் தொடும்போது
கரண்ட் போனது.
மின்விசிறி தயங்கித் தயங்கி ஓய்ந்தது.
வெளியே ஒன்றுமில்லை.
பக்கத்து அறையில் யாரோ
சோதனைக்குழாயை உடைத்தார்கள்.

நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன்.
சொல்லவில்லை.
இருட்டில் மாடிப்படி இறங்குகிற மாதிரி
ஒவ்வொரு ஸ்வரத்தையும் காலால் தேடி வைத்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
சுகிர்தா தொடையில் தாளம் போடுவதை விட்டுவிட்டு
என் வாயையே பார்த்தாள்.
சரணம் முழுக்க
எனக்கே என் குரல் பிடித்திருந்தது.

பிறகு கரண்ட் வந்தது.

நான் நின்ற இடத்துக்கும்
அது நின்ற இடத்துக்கும்
ஒரு விரல் இடைவெளி.
இரண்டும் உரசின. பல் கூசியது.
எந்த வரியில் இறங்கினேன்?
செருப்பு தேய்வது போல இறங்கியிருக்கிறேன்,
ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது.

‘எறங்கிட்டே. தெரியுதா?’
‘தெரியுது சார்.’
‘எப்போ தெரிஞ்சுது?’
‘அது வந்தப்போ.’

அவர் எதையோ எழுதினார். அடித்தார்.
கையால் மறைத்துக்கொண்டு மறுபடி எழுதினார்.
வாசலில் ஸ்டெபினா மிஸ்,
மூச்சிரைக்க, கையில் பேட்டரி.

சாயங்காலம் கேட் மூடியிருந்தது.
அன்றைக்குப் பாடவில்லை, எண்ண மட்டும் செய்தேன்.
ஐம்பத்தொன்பது வந்தது.
எங்கேயோ ஒரு பெட்டியை
இரண்டு முறை எண்ணியிருக்க வேண்டும்.